வடவள்ளிச் செம்பருத்தி வேலி: ஓராண்டு நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி இரண்டாம் வாரம். கோவை வடவள்ளியில் ஒரு வீடு. வாசல் காம்பவுண்டை ஒட்டி அறுபதடி நீளத்துக்குச் செம்பருத்தி வேலி. ஒற்றை அடுக்குச் சிவப்பு, நாட்டு ரகம், மொத்தம் 24 செடி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரே தாய்ச்செடியிலிருந்து பென்சில் கனத்துக் குச்சிகளை வெட்டி நட்டுக் கிளப்பியவை. வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. தெரு முழுக்க அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே.

"வேலியைப் புடுங்கிப் போட்டுட்டுக் கம்பி வேலி போட்டுரலாம்னு இருக்கேனுங்க தம்பி. அதுக்கு முன்னால ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க" என்று போனில் சொன்னார். வீட்டுத் தோட்டங்களைப் பார்த்து யோசனை சொல்வது என் தொழில். வேலியைப் பிடுங்குவதற்கு முந்தின நாள் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் டீச்சரம்மா குரலில் சலிப்பைவிட வருத்தம் கூடுதலாக இருந்தது. அந்தச் செடியின் பூதான் காலையில் அவர் வீட்டுப் பிள்ளையாருக்கு. இலைதான் வெள்ளிக்கிழமை பேத்தியின் தலைக்கு அரைப்பது.

முதல் நடை

எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை நடப்பேன். தொடுவதும் ஒடிப்பதும் பிறகுதான். எடுத்த எடுப்பில் மோசமான செடியிடம் போய் நின்றுவிட்டால், அதன் நோயையே வேலி முழுவதற்கும் சூட்டிவிடத் தோன்றும். இந்த வேலியில் அப்படிச் செய்திருந்தால் தவறாகப் போயிருக்கும்.

கேட் பக்கத்து ஏழு செடிகளில் கொழுந்தெல்லாம் பஞ்சு அப்பியதுபோல் வெள்ளை. இலைக்காம்பு தண்டோடு சேரும் கவட்டில் வெள்ளை, மொட்டின் அடியில் வெள்ளை. இலைகள் மஞ்சளித்து உதிர்ந்துகொண்டிருந்தன. விரியாத மொட்டுகள் தரையில் கிடந்தன. தண்டில் மேலும் கீழுமாக எறும்புச் சாரை.

நடுவில் பதினொரு செடி. ஏழு நன்றாகவே இருந்தன. மூன்றில் இளம் இலைகள் மட்டும் எலுமிச்சை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சை வலைபோல் தெரிந்தது. குழாயடியில் ஒன்று தொங்கிப்போய், பாதி சருகாகியிருந்தது.

மேற்குக் கோடியில் இரண்டு தென்னைகளுக்குக் கீழே ஆறு செடி. இலையின் மேற்பரப்பு முழுக்க அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசியதுபோல் கருப்பு.

"வெள்ளை முத்திப் போனா இப்படிக் கருப்பாயிருமுங்களா?" என்றார் டீச்சரம்மா. கேட்பக்கம் தொடங்கி மேற்கே போகப்போக நோய் முற்றிவிட்டது என்பது அவர் எண்ணம். ஒரே வேலி, ஒரே தாய்ச்செடி, ஒரே தண்ணீர் என்றால் நோயும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கருத்த இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. பூச்சி இல்லை, முட்டை இல்லை, எறும்புகூட இல்லை. ஈரத்துணியால் கருப்பைத் துடைத்தேன். மெல்லிய தகட்டைப்போல் பெயர்ந்து வந்தது. அடியில் இலை பச்சையாக, காயமில்லாமல் இருந்தது.

அப்புறம் தலையை நிமிர்த்தினேன். தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் வட்டம் வட்டமாக, சுருள் சுருளாக வெள்ளை மெழுகு. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு தென்னை உள்ள ஊரெல்லாம் பரவிய பூச்சி அது. ஓலையின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரைக் கழிவாகச் சொட்டும். அந்தப் பிசுபிசுப்பு கீழே எதன்மேல் விழுந்தாலும், இலையானாலும் காரின் கூரையானாலும், அதில் கரும்பூசணம் வளரும். செம்பருத்தியின் ஆறு செடிக்கும் நோயே இல்லை. அவை தென்னையின் கழிவு விழுகிற இடத்தில் நின்றிருந்தன, அவ்வளவுதான். அந்த ஆறு செடிக்கும் சேர்த்துத்தான் மூன்று மாதமாக மருந்து அடிக்கப்பட்டிருந்தது.

வெள்ளைக்குள் இரண்டு வகை

கேட்பக்கம் வந்தால் அங்கே இருப்பது மாவுப்பூச்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மாவுப்பூச்சி என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த மாவுப்பூச்சி என்று தெரிந்தால்தான் அதற்கு எதிரி யார் என்று தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மாவுக்கு அடியில் உடம்பு மஞ்சள். ஓரத்தைச் சுற்றிக் குட்டையான மெழுகு இழைகள், பஞ்சுபோன்ற முட்டைப் பை. விரலில் வைத்து நசுக்கினால் மஞ்சள் சாறு. நாலைந்து பூச்சிகளை எடுத்து, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட்டில் ஒரு சின்னக் குப்பியில் போட்டு டீச்சரம்மாவிடமே கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார்: "மஞ்சப் பூச்சியெல்லாம் கருகருன்னு ஆயிருச்சுங்க தம்பி." பப்பாளி மாவுப்பூச்சிக்கு அது நல்ல அடையாளம். ஆல்கஹாலில் போட்டால் ஓரிரு நாளில் கருத்துப்போகும்.

ஏழில் இரண்டு செடி மட்டும் வேறு மாதிரி இருந்தது. கொழுந்து நீளாமல், இலைகள் சுருங்கி, முட்டைக்கோசின் நடுக்குருத்தைப்போல் கொத்தாக நெருங்கியிருந்தன. தண்டு அந்த இடத்தில் தடித்து முறுக்கியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பூச்சி. நசுக்கினால் இளஞ்சிவப்புச் சாறு. இது செம்பருத்தியின் பேரிலேயே அழைக்கப்படும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. இதன் உமிழ்நீரில் நஞ்சு உண்டு. அதுதான் கொழுந்தை முறுக்குகிறது. பப்பாளி மாவுப்பூச்சி உறிஞ்சினால் செடி சோர்கிறது, மஞ்சளிக்கிறது; இந்த அளவுக்குக் கொழுந்து உருமாறாது. நசுக்கின விரலில் மஞ்சளா சிவப்பா என்று பார்ப்பது சின்ன வேலைதான். ஆனால் இந்த வேலிக்கு அடுத்து எடுத்த முடிவெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் நர்சரியிலிருந்து நாலு அடுக்குச் செம்பருத்தித் தொட்டிகள் வாங்கிக் கேட்டருகே வைத்திருந்தார். வெள்ளை முதலில் தெரிந்தது அவற்றில்தான். செம்பருத்தி பெரும்பாலும் விதையில் வருவதில்லை, குச்சியில்தான் வருகிறது. குச்சியின் கணுவிடுக்கில் ஒளிந்த ஒரு முட்டைப் பை போதும், பூச்சியும் கூடவே வந்துவிடும்.

2008-ஐக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும்

பப்பாளி மாவுப்பூச்சியைக் கோவைக்காரர்கள் மறக்க முடியாது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி. அங்கே அதன் எதிரிகளும் கூடவே இருந்ததால் அது யார் கண்ணுக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 1990-களில் கரீபியன் தீவுகளில் பரவியது. 1998-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு வந்தது. இந்தியாவில் 2008-ல் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடம் நம்முடைய கோயம்புத்தூர். எதிரி எதுவும் கூட வராததால் பப்பாளித் தோப்புகள் வெள்ளையாயின. மல்பெரியில் ஏறியது, பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலையில்லாமல் தவித்தார்கள். மரவள்ளி, பருத்தி, தேக்கு, பார்த்தீனியம், வேலியோரச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். மருந்து அடித்தவர்களும் தோற்றார்கள், அடிக்காதவர்களும் தோற்றார்கள்.

நிலைமையை மாற்றியது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. பெயர் அசிரோஃபேகஸ் பப்பாயே. பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மற்ற நிறுவனங்களும் அவற்றைப் பெருக்கித் தோட்டம் தோட்டமாக விட்டன. மூன்றில் நன்றாக வேரூன்றியது அசிரோஃபேகஸ். மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளேயிருந்து தின்று வளரும். பூச்சி உப்பி, பழுப்பு மஞ்சளாகி, பொம்மைபோல் இறுகிவிடும். அதில் ஊசித்துளைபோல் ஒரு ஓட்டை போட்டு அடுத்த குளவி வெளியே வரும். ஓரிரு வருடத்தில் மாவுப்பூச்சி அடங்கியது. இந்த ஊரில் என் காலத்தில் நடந்த மிகப் பெரிய பூச்சிக்கட்டுப்பாட்டு வெற்றி அதுதான் என்பேன். காசு கொடுக்காமல், யாரும் பார்க்காமல் ஊரெங்கும் அந்தக் குளவி இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் டீச்சரம்மா வேலியில் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

மூன்று பாட்டில்

கொல்லைப்புற அலமாரியைத் திறந்து காட்டினார். மூன்று மருந்துப் பாட்டில். நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் ஐந்து தடவை தெளித்திருக்கிறார். கடையில் ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். "அடிச்சா ஒரு வாரத்துக்குச் சுத்தமாயிருதுங்க. பொறவு முன்னைக்கு ரெட்டையா வருது."

அந்த ரெட்டையில்தான் விஷயம் இருக்கிறது. வளர்ந்த பூச்சியின் மேல் மெழுகு. முட்டை பைக்குள் பஞ்சுக்கு நடுவே. குடும்பத்தில் பாதி பட்டை வெடிப்பிலும் கணுவிடுக்கிலும் இருக்கும். மருந்துத் துளி மெழுகில் பட்டு உருண்டு விழுந்துவிடும். வெளியே நடமாடும் இளங்குஞ்சுகள் மட்டும் சாகும். ஒரு வாரச் சுத்தம் அதுதான். ஆனால் குளவிக்கு மெழுகு கிடையாது. இலையில் நடந்து திரிந்தே தன் இரையைத் தேடுவதால், மருந்து காய்ந்த இலையிலும் சாகும். பொறிவண்டும் அப்படியே. பைக்குள் பொரிந்து வெளியே வந்த குஞ்சுகளுக்கு அதற்குப் பிறகு ஒரு எதிரியும் இல்லாத வேலி கிடைத்தது. லென்ஸோடு கேட்பக்கத்துச் செடிகளில் ஒரு மணி நேரம் தேடினேன். ஓட்டை விழுந்த ஒரு பொம்மைகூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் டீச்சரம்மாவிடம் அழுத்திச் சொன்னேன். அந்த மூன்றில் ஒன்று செடிக்குள் ஊடுருவி நிற்கும் வகை. இலையைத் தலைக்கு அரைக்கும் செடியில், பூவைப் பேத்தி தேனில் போட்டுச் சாப்பிடும் செடியில் அதை அடித்திருக்கக் கூடாது. கவாத்துக்குப் பிறகு வேலி முழுக்கப் புதுத் துளிர் வந்து முற்றும் வரை பறிக்க வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. மருந்து விற்றவர் அந்தச் செடியின் இலை எதற்குப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செய்தவை

முதலில் கவாத்து. கேட்பக்கத்து ஏழு செடிகளிலும் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டினோம். கொழுந்து முறுக்கிய இரண்டு செடிகளில் தடித்த பாகத்துக்கு ஒரு சாண் கீழே வரை. வெட்டும்போதே கீழே ஒரு பெரிய பாலித்தீன் பையை விரித்துப் பிடித்து அதில் விழவிட்டோம். வெட்டிய கிளையைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் குஞ்சு உதிரும். பை வாயைக் கட்டி மொட்டை மாடியில் ஒரு வாரம் வெயிலில் போட்டோம். கோவைப் பிப்ரவரி வெயிலே அதற்குப் போதும். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைத்துத்தான் அடுத்ததில் வைத்தது.

மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரின் வேகத்தால் கழுவினோம். இலையின் அடிப்பக்கத்தில் படும்படி, கீழிருந்து மேலாக. இதைக் கேவலமாக நினைப்பவர்கள் உண்டு. தண்டிலிருந்து பிய்த்து எறியப்பட்ட மாவுப்பூச்சியின் உறிஞ்சுகுழல் உடைந்துபோகும். பெரும்பாலும் அது திரும்பி ஏறுவதில்லை. கழுவி முடித்து, ஈரம் காய்ந்த சாயங்காலம், லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயை காதி சோப்புக் கரைசலில் நன்றாக அடித்துக் கலந்து, பூச்சி மிஞ்சிய கணுக்களில் மட்டும் தெளித்தோம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை, அவ்வளவுதான். வேப்பெண்ணெய் என்பதற்காக வாரா வாரம் வேலி முழுக்க அடிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அதிலும் குளவிக்கு இடைஞ்சல் உண்டு. உச்சி வெயிலில் அடித்தால் இளம் இலை கருகும்.

எறும்புக்குத் தண்டில் தடுப்பு. அடித்தண்டைச் சுற்றி ஒரு விரல்கடை அகலத்துக்கு டேப் சுற்றி அதன்மேல் கிரீஸ். பட்டையில் நேரடியாகக் கிரீஸ் தடவக் கூடாது, பட்டை வெந்துபோகும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. குளவி வந்தால் விரட்டுகிறது, குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுக் கொழுந்தில் விடுகிறது. எறும்பு ஏறும் செடியில் குளவியால் நிம்மதியாக முட்டையிட முடியாது. சுவரைத் தொட்ட கிளைகளையெல்லாம் கழித்துவிட்டோம்.

மேற்குக் கோடியில் வேலை எளிது. மைதாவை லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் காய்ச்சி, ஆறவைத்து, கருத்த இலைகளில் தெளித்தோம். கஞ்சி காய்ந்து உரியும்போது கரும்பூசணமும் சேர்ந்து உரிந்து விழுந்தது. தென்னைக்கு மருந்து எதுவும் வேண்டாம் என்றேன். ஓலையின் வெள்ளை ஈக் கூட்டுப்புழுக்களில் கருத்துப்போனவை நிறையத் தெரிந்தன; என்கார்சியா என்னும் இன்னொரு குளவி அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது.

மஞ்சளித்த மூன்றுக்கும் இரும்புச்சத்துக் குறை. வேலி இருப்பது சுண்ணாம்பு கலந்த கரிசல் மண். பாய்வது உப்பும் கடினமுமான போர்த்தண்ணீர். மண்ணில் இரும்பு இருந்தாலும் அந்தக் காரத்தன்மையில் வேருக்கு எட்டாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து இளம் இலையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கச் சொன்னேன். அடியில் மக்கிய தொழுஉரம். கரைசல் சுவரில் பட்டால் துருக்கறை போகாது என்பதால் சுவருக்கு ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டார் டீச்சரம்மா. குழாயடிச் செடியைத் தோண்டினால் வேரின் தோல் வழுவழுவென்று கழன்று வந்தது. ஒழுகும் குழாயால் மாதக்கணக்கில் சொதசொதவென்றிருந்த மண். அதைக் காப்பாற்ற வழியில்லை. எடுத்துவிட்டுக் குழாயை மாற்றினோம்.

மார்ச்சில் கண்ட தோல்வி

மார்ச் மூன்றாம் வாரம் போனபோது மேற்கும் நடுவும் தெளிந்திருந்தன. கேட்பக்கம் தெளியவில்லை. துளிர் விட்டிருந்தது, துளிரில் மறுபடி வெள்ளை. கிரீஸ் வளையம் அப்படியே இருந்தது, அதில் எறும்பு ஒட்டியிருந்தது. ஆனால் மேலே கொழுந்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. தண்டு வழியாக வராத எறும்பு எப்படி மேலே போகிறது என்று அரைமணி நேரம் நின்று பார்த்தேன். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் கேபிள் ஒயர் வேலியின் உச்சியைத் தொட்டுக்கொண்டு போனது. அதுதான் அவற்றின் பாலம். பிப்ரவரியில் நான் தண்டையும் சுவரையும் பார்த்தேன், தலைக்கு மேலே போன ஒயரைப் பார்க்கவில்லை. தென்னையைப் பார்க்க நிமிர்ந்த தலை கேட்பக்கத்தில் நிமிரவில்லை. ஒரு மாதம் அதனால் வீணானது. கேபிள்காரரை வரவழைத்து ஒயரை இரண்டடி உயர்த்திக் கட்டவைத்தோம்.

குளவியையும் நாமே கொண்டுவர வேண்டியிருந்தது. மருந்தை நிறுத்திய வேலிக்கு அது நாளடைவில் தானாக வந்து சேரும். ஆனால் கோடை அதுவரை காத்திருக்காது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் யாரும் கவனிக்காத ஒரு கிழட்டுப் பப்பாளி இருந்தது. அதன் இலையடியில் மாவுப்பூச்சி கொஞ்சம். அதில் பாதிக்குமேல் உப்பிப் பழுத்த பொம்மைகள். மருந்தே காணாத மரம் அது. பொம்மைகள் நிறைந்த இலைத்துண்டுகளை வெட்டி ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, நெருக்கமான துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத ஜன்னலோரம் வைத்தோம். நாலைந்து நாளில் போத்தலின் வெளிச்சப் பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் குளவிகள். சாயங்காலம் போத்தலை வேலிக்குள் கொண்டுபோய்த் துணியை அவிழ்த்தார் டீச்சரம்மா. பூச்சியோடு இருக்கும் இலையையே நேரடியாகக் கொண்டுபோய் வேலியில் கட்டுகிறவர்களும் உண்டு. அதில் மாவுப்பூச்சியையும் சேர்த்து விருந்துக்கு அழைத்ததாகிவிடும்.

மே மாதத்தில் ஒரு புழு

மே மாதம் போனபோது டீச்சரம்மா பெருமையோடு சொன்னார்: "இப்பெல்லாம் காலைல எந்திரிச்சதும் கையிலயே நசுக்கிப்போடறனுங்க. பெரிய பெரிய வெள்ளைப் பூச்சியாப் பாத்துப் புடிச்சு நசுக்குறேன்." பெரிய என்றதும் திடுக்கென்றது. காட்டச் சொன்னேன். மாவுப்பூச்சியைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நீளம். உடம்பெல்லாம் நீளமான வெள்ளை இழை. தொட்டால் வேகமாக ஓடியது. மாவுப்பூச்சி அப்படி ஓடாது.

அது கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்றே வளர்கிறது. தானும் மாவுப்பூச்சியைப்போலவே வெள்ளையுடுத்தி அதன் நடுவில் திரிகிறது. வளர்ந்த வண்டின் முதுகு கருப்பு. தலையும் வால்பக்கமும் ஆரஞ்சு. எத்தனையை நசுக்கினார் என்று அவர் கணக்கு வைத்திருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. லென்ஸைக் கையில் கொடுத்தேன். புழு ஒரு முட்டைப் பைக்குள் தலையை விட்டுத் தின்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "முப்பத்தி நாலு வருசம் அறிவியல் சொல்லிக் குடுத்திருக்கேன் தம்பி. இதைப் பாத்ததில்லீங்க" என்றார்.

அந்த வண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரேலிய வண்டு அது. 1898-ல் காபிச் செடியின் செதில்பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த வேலையை அது சரியாகச் செய்யவில்லை. ஆனால் இங்கேயே தங்கி மாவுப்பூச்சிகளைத் தின்னப் பழகிக்கொண்டது. 1994-ல் நம் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி கரீபியனின் கிரெனடா தீவுக்குப் போய், அங்கே செம்பருத்தி வேலிகளையும் தோட்டங்களையும் அழித்தபோது, இந்தியாவிலிருந்து இந்த வண்டு அங்கே அனுப்பப்பட்டது. சீனாவிலிருந்து அனாகைரஸ் காமாலி என்ற குளவியும் போனது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இந்தியாவில் நூறு வருடம் இருந்து, கரீபியன் செம்பருத்தியைக் காக்கப் போன வம்சம் டீச்சரம்மா வேலியிலும் இருக்கிறது.

முறுக்கிய கொழுந்துள்ள இரண்டு செடிக்கும் நம்பிக்கை இந்த வண்டின்மேல்தான். அசிரோஃபேகஸ் பப்பாளி மாவுப்பூச்சியை மட்டுமே தேடும், இளஞ்சிவப்பைத் தொடாது.

மழையும் அதற்குப் பிறகும்

ஜூன் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் வந்தன. ஜூலையில் கேட்பக்கத்து ஐந்து செடியில் வெள்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கிடைத்ததிலும் ஓட்டை விழுந்த பொம்மைகளே அதிகம். இதில் மழையின் பங்கு எவ்வளவு, குளவியின் பங்கு எவ்வளவு என்று இந்த ஒரு வேலியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மாவுப்பூச்சி கோடைப் பூச்சி. மழை அதைத் தானாகவே கழுவும். குளவியின் பங்கைத் தெரிந்துகொள்ள அடுத்த கோடையின் தொடக்கம் வரை பொறுக்க வேண்டும் என்று டீச்சரம்மாவிடம் அப்போதே சொன்னேன்.

அக்டோபர் வடகிழக்குப் பருவமழைக்கு முன் இன்னொரு லேசான கவாத்து; காற்றும் வெயிலும் உள்ளே போக நடுக்கிளைகளைக் கழித்தோம். அன்னபேதி தெளித்த மூன்றும் பச்சையாகிவிட்டன. ஆனால் தெளிப்பை நிறுத்தின இரண்டு மாதத்தில் ஒன்று மறுபடி வெளுத்தது. மண்ணும் தண்ணீரும் மாறாதவரை அது வந்துகொண்டுதான் இருக்கும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து அந்தப் பகுதிக்கு விடுவது என்று முடிவாயிற்று. நவம்பரிலிருந்து இலை பறிக்கலாம் என்றேன். பேத்திக்கு அந்த வெள்ளிக்கிழமையே அரைத்துவிட்டார்.

2024 பிப்ரவரி இரண்டாம் வாரம் மறுபடி போனேன். ஐந்து செடியில் அங்கங்கே ஒரு கணுவில் வெள்ளை. ஒவ்வொன்றிலும் பக்கத்திலேயே பழுத்த பொம்மை. ஓராண்டாக ஒரு பாட்டிலும் திறக்கப்படவில்லை. மொட்டு உதிர்வது நின்றிருந்தது. தென்னையடி இலைகளில் கருப்பு மறுபடி லேசாகப் படிந்திருந்தது. அதற்குக் கஞ்சி காய்ச்சியாகிவிட்டது.

முறுக்கிய இரண்டில் ஒன்று தேறிவிட்டது. இன்னொன்றில் மூன்று கொழுந்து மறுபடி கொத்தாகியிருந்தது. பிரித்தேன், இளஞ்சிவப்பு. உள்ளே பொறிவண்டுப் புழு இல்லை. டீச்சரம்மா பையை விரித்துப் பிடித்தார். மூன்றையும் வெட்டி அதில் விட்டேன். மார்ச் கடைசி வரை வாரம் ஒருமுறை அந்தச் செடியை மட்டும் லென்ஸில் பார்த்துச் சொல்வதாக ஏற்றுக்கொண்டார். ஏப்ரலிலும் கொத்து வந்தால் அந்த ஒன்றை எடுத்துவிட்டு, நடுவேலியின் சுத்தமான செடியிலிருந்து குச்சி வெட்டி, ஸ்பிரிட் துடைத்த கத்தியால், அதே இடத்தில் நடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.